பெயித் றிங்கோல்டின் ஒட்டுப்போர்வைகள்

1886 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்து அதென்ஸ் நகரில் ஒரு பருத்திக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள்களுள் ஒரு போர்வையும் இருந்தது. அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரின் பின் விடுதலை பெற்ற ஹரியற் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண் தைத்தது அது. ஆதாமும் ஏவாளும், காயீன் ஆபேலைக் கொன்றமை, யாக்கோபு கண்ட கனவு, யூதாசும் முப்பது வெள்ளிக்காசும் ஆகிய வேதாகமக் காட்சிகளைத் துணியில் உருவங்களாக வெட்டி, வேறொரு துணிமேல் வைத்துத் தைத்திருந்தார். அதனைக் கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் சென்றபின் வறுமை நெருக்கவே, அப்போர்வையைத் தாமே கொண்டுசென்று பத்து டொலர் கேட்டார். கிடைத்தது ஐந்து டொலர். ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் எடுத்துரைக்க, வாங்கிய ஆசிரியை அதனைக் குறித்து வைத்துக்கொண்டார். விற்ற பின்னரும் பவர்ஸ் தம் போர்வையைப் பார்ப்பதற்காகச் சில தடவை அந்த வீட்டுக்கு வந்து சென்றார் என்பர். இன்று அது வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்க வரலாற்று நூதனசாலையிற் பாதுகாக்கப்படுகின்றது.

துணியிலே கதை சொன்ன அப்பெண்ணின் சொற்கள் பிறர் எழுதிய குறிப்பாகவே நமக்குக் கிடைத்துள்ளன. ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின், அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பெண் தம் சொற்களைத் தாமே துணியின்மேல் எழுதித் தைத்தார். பெயித் றிங்கோல்ட் என்பது அவர் பெயர். அவ்வாறு எழுதும் நிலைக்கு அவர் எளிதில் வந்து சேர்ந்தாரல்லர். கைவந்த ஒரு முறையைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றிய ஒவ்வொரு வேளையிலும், ‘இது தகாது’ என்று சொல்வதற்கு எவரேனும் இருந்தே வந்தனர்.

ஒட்டுப்போர்வை என்பது யாது என்பதை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. குளிர் மிகுந்த நாடுகளிலே, பழைய உடைகளிலிருந்தும் தையலில் எஞ்சிய துணிகளிலிருந்தும் துண்டுகளை வெட்டி, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி மேற்பக்கத்தை அமைப்பர். அடியில் மற்றொரு துணி. இரண்டுக்கும் நடுவே பஞ்சு. இம்மூன்றும் நழுவாதபடி ஊடுருவித் தையல் போடுவர். ஆங்கிலத்தில் இதனைக் குவில்ற் என்பர். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப் பெண்கள் எசமானர் வீட்டுக் கட்டில்களுக்கு இவற்றைத் தைத்தனர். தங்களுக்கும் தைத்துக்கொண்டனர். றிங்கோல்டின் பாட்டியின் பாட்டி முறையினரான சூசி ஷனன் என்பவரும் அவ்வாறு தைத்த அடிமைப் பெண்களுள் ஒருவர். அந்தக் கைப்பழக்கம் தாய்வழியாக இறங்கி, றிங்கோல்டின் தாயாரான வில்லி போசியிடம் வந்து சேர்ந்தது. அவர் நியூயோர்க் நகரத்தின் ஹார்லம் பகுதியில் ஆடை வடிவமைப்பாளராகத் தொழில் புரிந்தவர்.

பெயித் 1930 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி ஹார்லத்திற் பிறந்தார். இளமையிலே இழுப்பு நோய் காரணமாகப் பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்ல இயலவில்லை. வீட்டில் இருத்தி வைக்கப்பட்ட பிள்ளைக்குத் தாய் வண்ணக்கோல்களையும் தாள்களையும் கொடுத்தார். ஊசியும் நூலும் துணித்துண்டும் கொடுத்தார். பின்னாளில் இப்பெண் செய்தவை அனைத்துக்கும் வேண்டிய கருவிகள் அந்த அறையிலேயே இருந்தன. ஆனால் அவை இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதற்கு அவருக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.

1948 இல் நியூயோர்க் நகரக் கல்லூரியிற் சேர்ந்து ஓவியம் பயில விரும்பினார். அக்கல்லூரியின் கலைப்பகுதி அக்காலத்திற் பெண்களை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆசிரியராக வருவதற்குரிய கல்விப்பகுதியிற் சேர்ந்தால் ஓவியம் பயிலலாம் என்றனர். அவ்வாறே சேர்ந்து, 1955 இற் பட்டம் பெற்றார். 1959 இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். 1955 முதல் 1973 வரை நகரத்துப் பொதுப் பாடசாலைகளில் ஓவிய ஆசிரியையாகக் கடமையாற்றினார். இரு பெண்மக்களை வளர்த்துக்கொண்டு, வகுப்பறை வேலையையும் முடித்தபின் எஞ்சும் பொழுதிலே தீட்டுபவருக்குக் கோடை விடுமுறையே பெருஞ்செல்வம். அவருடைய முதற்பெரும் தொகுதி தொடங்கியதும் ஒரு கோடை விடுமுறையிலேயாம்.

கல்லூரியில் அவர் கற்றது ஐரோப்பிய மரபு. பூச்சாடிகளையும் மரங்களையும் இயற்கைக் காட்சிகளையும் அம்முறையில் வரைந்து பழகினார். அறுபதுகளின் தொடக்கத்திலே அவற்றை எடுத்துக்கொண்டு நியூயோர்க்கில் ஒரு காட்சிக்கூடத்தை நடத்தியவரிடம் சென்றார். படங்களைப் பார்த்த அம்மாது, ‘நீர் இவற்றை வரையமுடியாது’ என்ற கருத்துப்படக் கூறிவிட்டார். திறமை இல்லை என்பதா, உரிமை இல்லை என்பதா, அச்சொல்லின் கருத்து? வீடு திரும்பும் வழியிலே கணவரோடு இதைப்பற்றிப் பேசிய றிங்கோல்ட், தம்மைச் சூழ ஒரு நாடே கொந்தளித்துக்கொண்டிருக்கத் தாம் இலைகளையும் பூக்களையும் வரைந்துகொண்டிருப்பதை உணர்ந்தார். புண்படுத்தும் எண்ணத்தோடு சொல்லப்பட்டதோ அன்றோ, அச்சொல் பயன் தந்தது.

1963 இல் ‘அமெரிக்க மக்கள்’ என்னும் தொகுதி தொடங்கியது. 1967 வரையில் இருபது ஓவியங்கள் முடிந்தன. இறுதி ஓவியத்துக்கு அவர் இட்ட பெயர் ‘மடி’ என்னும் பொருள்படும் ஒற்றைச் சொல். பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி உயரமும் கொண்ட அந்தக் கித்தானிலே, நன்கு உடுத்த ஆண்களும் பெண்களும், வெள்ளையரும் கறுப்பரும், இரத்தம் தெறிக்க ஓடியும் விழுந்தும் கிடக்கின்றனர். நடுவிலே ஒரு கறுப்புச் சிறுமியும் ஒரு வெள்ளைச் சிறுவனும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஒடுங்கியிருக்கின்றனர். அந்நாளில் நியூயோர்க் நவீன ஓவிய நூதனசாலையில் வைக்கப்பட்டிருந்த பிக்காசோவின் ‘குவேர்னிக்கா’வை அவர் பன்முறை சென்று பார்த்தவர். அதன் தாக்கம் இதிலே தெரிகின்றது.

இவ்வோவியங்களை எல்லாரும் வரவேற்றனர் என்று எண்ணலாகாது. வெள்ளையருக்கு இவை அளவுக்கு மிஞ்சிய சினமுடையனவாகத் தோன்றின. கறுப்பின ஓவியர் கூடி அமைத்திருந்த ‘ஸ்பைறல்’ என்னும் சங்கத்திற் சேர அவர் முயன்றார். சேர்த்துக்கொள்ளவில்லை. அச்சங்கத்தில் இடம்பெற்ற பெண் எம்மா ஏமோஸ் ஒருவரே. எனினும் 1967 இல் முதலாவது தனிக்காட்சியும் நடந்தது. அரசியல் ஓவியர் என்ற பெயரும் அவருக்கு ஏற்பட்டது.

பெயர் ஏற்பட்ட இடத்திலே நின்றுகொள்வதுதான் உலகியல்பு. அவர் நிற்கவில்லை. முதலில் வெள்ளை நிறத்தை விட்டார். வெண்சாயம் கலவாத இருண்ட வண்ணங்களைக் கொண்டே கறுப்பு முகங்களின் ஒளியைக் காட்ட முயன்ற தொகுதி 1967 முதல் 1969 வரை எழுந்தது. அடுத்து, பெண்களின் நிலையைப்பற்றிப் பேசத் தொடங்கினார். 1970 இல் விற்னி நூதனசாலையின் கண்காட்சியிற் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்று கோரிப் போராடியவர்களுள் அவரும் ஒருவர். அவ்வாண்டு பெற்றி சாரும் பார்பரா சேஸ்-றிபூவும் அங்கே இடம்பெற்றனர். அந்நூதனசாலையிற் கறுப்பினப் பெண்களின் ஆக்கங்கள் காட்டப்பட்டது அதுவே முதன்முறை. பெண்ணுரிமை பேசுதல் இன விடுதலையை இரண்டாகப் பிளக்கும் என்பது அக்காலத்துக் கறுப்பின இயக்கத்தாரிடையே உரத்து ஒலித்த குற்றச்சாட்டு. நேற்றுவரை தம்மோடு நின்றவர்களிடமிருந்து இத்தகைய கண்டனத்தைக் கேட்பது, காட்சிக்கூடத்து மாதின் சொல்லைக் கேட்பதிலும் கடினமானது.

இவ்விடத்தே ஒரு விநோதத்தைச் சொல்லாமற் போகமுடியாது. 1971 ஆம் ஆண்டு கோடையில், அதே விற்னி நூதனசாலை அமெரிக்க ஒட்டுப்போர்வைகளின் கண்காட்சி ஒன்றை நடத்தியது. கட்டிலிலே கிடந்த போர்வைகளைச் சுவரிலே ஓவியம்போலத் தொங்கவிட்டனர். கோடும் கட்டமும் நிறமும் நவீன ஓவியரின் ஆக்கங்களை ஒத்திருக்கின்றன என்று விமரிசகர் வியந்தனர். தைத்த பெண்களுட் பெரும்பாலோரின் பெயர் எவருக்கும் தெரியாது. பெயர் தெரியாத பெண்களின் போர்வை ஓவியமாக உயர்ந்த அதே காலத்தில், பெயருள்ள பெண்கள் ஓவியராக அம்மண்டபத்துள் நுழைவதற்கு வாயிலில் நின்று போராடவேண்டியிருந்தது!

1972 இல் றிங்கோல்ட் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஆம்ஸ்ரடாம் நகரத்து றைக்ஸ் நூதனசாலையிலே திபெத்திய பௌத்தரின் ‘தங்கா’ ஓவியங்களைக் கண்டார். துணியில் தீட்டி, நாற்புறமும் பட்டுத்துணியாற் கரை தைத்து, வேண்டும்போது விரித்துத் தொங்கவிட்டு வேண்டாதபோது சுருட்டி வைக்கும் ஓவியங்கள் அவை. மரச்சட்டம் இல்லை, கண்ணாடி இல்லை. ஊருக்குத் திரும்பியதும் தம் ஓவியங்களுக்கும் அவ்வாறே துணிக்கரை இடத் தொடங்கினார். கரைகளைத் தைத்துக் கொடுத்தவர் தாயார் வில்லி போசி.

இம்மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று மிக எளிமையானது. ஆறடி எட்டடிக் கித்தானைச் சட்டத்தோடு மாடிப்படிகளில் ஏற்றி இறக்க ஆண்துணை வேண்டும், வாகனம் வேண்டும், பணம் வேண்டும். துணி ஓவியத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துத் தாமே கொண்டுபோகலாம். சட்டத்தை விட்டவுடன் அவருடைய காட்சிகள் தூரத்துக் கல்லூரிகளுக்கும் பயணம் செய்தன. கலை வரலாற்றை எழுதுவோர் தத்துவங்களைத் தேடுவர். தூக்கிச் செல்லும் பாரத்தை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் கலையுலகம் துணியை எவ்வாறு மதித்தது? எண்ணெய் வண்ணமும் கித்தானும் உயர்கலை, ஊசியும் நூலும் வீட்டுக் கைப்பணி என்ற பாகுபாடு அங்கே வேரூன்றியிருந்தது. கறுப்பினப் பெண் ஒருவர், அதுவும் உயர்கலைக்குள் நுழைய இத்துணைப் பாடுபட்டவர், தாமாகவே தையலுக்குத் திரும்புவது பின்னடைவாகவே கருதப்பட்டது. கூர்ந்து நோக்கின் அவருடைய துணிவு இங்கேதான் புலப்படுகின்றது. ‘மடி’ போன்ற ஓவியங்களைத் தொடர்ந்து தீட்டியிருப்பின், காலம் வரும்போது அதற்குரிய மதிப்புத் தானே வந்திருக்கும். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1973 இல் ஆசிரியத் தொழிலையும் விட்டுவிட்டு, துணியால் முகமூடிகளும் ஆளளவான பாவைகளும் செய்யத் தொடங்கினார்.

1980 இல் தாயும் மகளும் சேர்ந்து ஒரு முழுப் போர்வை செய்தனர். ‘ஹார்லத்தின் எதிரொலிகள்’ என்பது அதன் பெயர். முப்பது முகங்களை மகள் தீட்ட, அவற்றைச் சூழ்ந்த துணித்துண்டுகளைத் தாய் பொருத்தினார். முன்னே பார்க்கும் முகம், பக்கம் திரும்பிய முகம் என ஹார்லத்துத் தெருக்களிற் காணும் மனிதர் அனைவரும் அதில் வந்து நிற்பதுபோல இருக்கும். அடுத்த ஆண்டு தாயார் காலமானார். சூசி ஷனன் முதலாக வந்த தையல் அவ்வளவில் முடிந்திருக்கலாம். மகள் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

இதே காலத்தில் அவருக்கு வேறொரு தடையும் நேர்ந்தது. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைத்திருந்தார். வெளியிடுவதற்குப் பதிப்பாளர் முன்வரவில்லை. கறுப்பினப் பெண்ணின் வரலாறு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதிற் பதிப்பகத்தாருக்கு ஒரு முன்முடிவு இருந்தது. அவருடையது அதனோடு பொருந்தவில்லை. அப்படியாயின் கதையைப் போர்வையிலே எழுதினால் என்ன? போர்வையைச் சுவரில் தொங்கவிட்டால் வருவோர் வாசிப்பர். கண்காட்சிப் பட்டியலிற் படம் அச்சாகும்போது எழுத்தும் கூடவே அச்சாகும். எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இந்த உபாயத்தின் பயனாக 1983 இற் பிறந்ததே ‘ஜெமீமா மாமிக்கு யார் பயம்?’ என்னும் முதலாவது கதைப்போர்வை.

ஜெமீமா மாமி என்பவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்ட அப்பமா ஒன்றின் பெட்டியிற் காணப்பட்ட படம். தலையிலே துணி கட்டிய, பருத்த, எந்நேரமும் சிரித்தபடி வெள்ளையர் வீட்டுக்கு ஊழியம் செய்யும் கறுப்பினப் பெண்ணின் உருவம். கறுப்பின மக்கள் நெடுங்காலம் நாணிய உருவம் அது. அந்த வணிகப் பெயர் 2021 இற் கைவிடப்பட்டது. நாணி ஒதுக்குவதற்கு மாறாக, றிங்கோல்ட் அவ்வுருவத்தைக் கையில் எடுத்தார். ஜெமீமா பிளேக்கி என்று பெயரிட்டு, சொந்தத் தொழில் நடத்தி முன்னேறிய குடும்பத் தலைவியாக்கினார். ஐம்பத்தாறு கட்டங்களிலே மக்கள், மருமக்கள், பேரர் ஆகியோரின் முகங்களும், இடையிடையே எழுத்துக் கட்டங்களும் அமைந்தன. எழுத்திலே கறுப்பின மக்களின் பேச்சுமொழி அப்படியே ஒலிக்கின்றது.

மரபுவழிப் போர்வை தைப்போருக்கு இது புதிராகவே இருந்திருக்கும். நடுவிலே கித்தான் ஓவியம், சுற்றிலும் துணிக்கட்டம், மேலும் கீழும் எழுத்து. கட்டிலில் விரிக்க முடியாது, துவைக்க முடியாது. ஓவியர்க்கோ இது போர்வை. இரு சாராரும் ஒதுக்கத்தக்க இடத்திலே அவர் தம் கலையை நிறுவினார். அவர் ஆக்கங்களிற் குறையே இல்லை என்று சொல்லவேண்டியதில்லை. நின்றுகொண்டு வாசிப்பவருக்குச் சில கதைகள் மிக நீண்டவை. தொண்ணூறுகளிற் செய்த பிரெஞ்சுத் தொகுதியின் சில போர்வைகளிற் கதை படத்தை முந்தி ஓடிவிடுகின்றது. ஆயினும் படமும் எழுத்தும் தையலும் ஒருசேர நடக்கும் இடங்களிலே அவருக்கு நிகர் அவரே.

அத்தகைய ஒன்று 1988 இற் செய்த ‘தார்க் கடற்கரை’. கோடை இரவுகளில் ஹார்லத்து ஏழை மக்கள் வெப்பம் தாங்காது தார் பூசிய மொட்டைமாடிக்குப் போய்விடுவர். கடற்கரைக்குச் செல்ல வசதியற்றவருக்கு அதுவே கடற்கரை. மேசையைச் சுற்றிப் பெற்றோரும் அயலவரும் அமர்ந்திருக்கின்றனர். எட்டு வயதுச் சிறுமி காசியும் அவள் தம்பியும் பாயிலே படுத்து வானத்தைப் பார்க்கின்றனர். தூரத்தே ஜோர்ஜ் வாஷிங்டன் பாலத்தின் விளக்குகள். அவற்றுக்கு மேலே அதே சிறுமி பறந்துகொண்டிருக்கிறாள். அப்பாலம் திறக்கப்பட்டது 1931 இல். கதையிலே காசியின் தந்தை அதனைக் கட்டிய தொழிலாளருள் ஒருவர். நிறத்தின் காரணமாகத் தொழிற்சங்கம் அவரைச் சேர்க்க மறுக்கின்றது. தந்தைக்கு மறுக்கப்பட்ட கட்டிடத்தின் மேலாகப் பறந்து, அதனை அவருக்கே உரியதாக்குவேன் என்பது சிறுமியின் எண்ணம். இன்று இப்போர்வை குகன்ஹைம் நூதனசாலைக்கு உரியது. 1991 இல் இதே கதை சிறுவர் நூலாக வெளிவந்து பரிசுகளும் பெற்றது. முன்னர்ப் பதிப்பாளர் ஏற்காத வாழ்க்கை வரலாறும் 1995 இல் நூலாயிற்று. போர்வைவழியாகச் சென்ற எழுத்து, சுற்றிவந்து அச்சகத்தை அடைந்தது எனலாம்.

பிரெஞ்சுத் தொகுதியில் ஒரு போர்வையை மாத்திரம் குறிப்பிடுவோம். ஆர்ல் நகரத்துச் சூரியகாந்தித் தோட்டத்திலே எட்டுக் கறுப்பினப் பெண்கள் கூடியிருந்து ஒரு போர்வையைப் பிடித்திருக்கின்றனர். அடிமைகளை இரகசியமாக விடுதலைக்கு அழைத்துச் சென்ற ஹரியற் ரப்மனும், பேருந்தில் ஆசனத்தை விட்டெழ மறுத்த றோசா பார்க்சும் அவர்களுள் இருக்கின்றனர். ஒரு பக்கத்திலே, சாடி நிறைந்த சூரியகாந்திப் பூக்களை ஏந்தியபடி ஓவியர் வான்கோ தனியே நிற்கிறார். ஐரோப்பிய ஓவியரைப் பார்த்து எழுதிப் பழகிய அந்தக் கல்லூரி மாணவி, இப்பொழுது அவர்களுள் ஒருவரையே தம் போர்வையின் ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

‘மடி’ ஓவியத்தை நவீன ஓவிய நூதனசாலை வாங்கியது 2016 ஆம் ஆண்டில். வரைந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் பின். 2019 இல் அது பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று இருக்கும் மண்டபத்திலே தொங்கவிடப்பட்டது. 2022 இல் அவர் வாழ்நாள் ஆக்கங்கள் அனைத்தையும் தழுவிய பெருங்கண்காட்சி நியூயோர்க்கில் நடந்தது. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் திகதி, தொண்ணூற்று மூன்றாம் வயதில், நியூ ஜேர்சி மாநிலத்து எங்கிள்வூட்டிலே தம் இல்லத்தில் அவர் காலமானார்.

அந்த எங்கிள்வூட் வீட்டைப்பற்றியும் ஒரு சொல். தொண்ணூறுகளில் அவர் ஹார்லத்தை விட்டு அங்கே ஜோன்ஸ் வீதியிற் குடிபுகுந்தபோது, வீட்டோடு ஓவியக்கூடம் ஒன்று கட்ட விரும்பினார். அயலவர் ஆட்சேபித்தனர். பெரிதும் வெள்ளையர் வாழ்ந்த பகுதி அது. வழக்கும் விசாரணையுமாக நாட்கள் கழிந்தபின் ஓவியக்கூடம் எழுந்தது. அதன்பின் அவர் செய்த தொகுதிக்கு ‘ஜோன்ஸ் வீதியை நோக்கி’ என்று பெயரிட்டார். அதிலே முன்னைய தொகுதிகளின் கூட்டமும் ஆரவாரமும் இல்லை. முகங்களும் தெளிவாக இல்லை. பெரும் பகுதியை மரங்களே நிறைத்திருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வரையமுடியாது என்று கூறப்பட்ட அதே மரங்கள். அவற்றினூடே, தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் கைப்பிள்ளைகளோடு, நிலாவொளியில் வடக்கு நோக்கி நடந்து, அந்த வீதிக்கு வந்துகொண்டிருக்கின்றனர்.